நான் ஆடிய வீடியோ விளையாட்டுகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

முன்னுரை

"விளையாட்டு வினையாகும்" என்பது பழமொழி. இதை எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு முறையாவது சொல்பவர் என் ஆயா. ஆனால் எனக்கு முதன்முதலில் விளையாடக் கற்றுக் கொடுத்தவரும் அவரேதான். ஐப்பசி அடைமழையில் வயல் வேலை இல்லாத பகல்களில், திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் தாயக்கட்டம் வரைவார். இரண்டு பித்தளைக் கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டிவிடுவார். ஒரு நாள் என் முறை வந்தபோது, கட்டையை உருட்டியதும் அவசரமாகக் கையால் மூடிக்கொண்டு, "தாயம்!" என்று கூவினேன்.

"கையை எடுடா! நாலு பேரு பாக்கறாப்பல வுழுந்தாதான் அது தாயம். மூடி வச்சிக்கினு சொன்னா அது பொய்யி" என்றார் ஆயா.

அப்போது எனக்கு வயது ஏழு. அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகளும், 6,400 ரூபாயும், என் தாயின் ஒரு ஜோடிக் கம்மலும் தேவைப்பட்டன. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! வீடியோ விளையாட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். "அது மாணவர்களைக் கெடுக்கும் நஞ்சு" என்பார் ஒருவர். "அது அறிவை வளர்க்கும் அமுது" என்பார் மற்றொருவர். இருவருமே பெரும்பாலும் ஆடிப் பார்த்தவர்கள் அல்லர். ஆடாதவர் சொல்லும் அறிவுரை ஆடுகிறவன் காதில் ஏறுவதில்லை. நான் ஆடியவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. ஆகவே ஆட்டத்தில் பெற்றதையும் இழந்ததையும் என் அனுபவத்திலிருந்தே எழுதத் துணிகிறேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

அளவுகோல் எது?

எதையும் நல்லது, கெட்டது என்று பிரிப்பதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும் அன்றோ? எனக்கு அந்த அளவுகோல் நம் ஊர்க் கல்வெட்டிலேயே கிடைத்தது.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்த விதிகளை அவை கூறுகின்றன. 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். வயதில் மூத்த நம்பி ஒருவர், கூடியிருப்போர் அனைவரும் காணும்படி அந்தக் குடத்தை உயரத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கிக்கொள்ளும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும்.

ஐந்து விரல்களையும் ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறோர் ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக்கூடாது என்பதற்காகத்தான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரார் கல்லில் வெட்டியதையே என் ஆயா திண்ணையில் சொன்னார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் இருந்ததில்லை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்கள் பெயரே இருந்தது. பெண்களின் பெயர் இல்லை. கூலி வேலை செய்த என் முன்னோர் பெயரும் அதில் இருந்திருக்க வழியில்லை. குடம் வெளிப்படையாக இருந்தால் மட்டும் போதாது, எல்லார்க்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து உணர்கிறேன்.

ஆகவே எந்த விளையாட்டையும் நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். ஒன்று: அதன் விதி விரித்த கைபோல வெளிப்படையாக இருக்கிறதா? இரண்டு: ஏழைக்கும் பணக்காரனுக்கும் அதே விதிதானா? மூன்று: ஆடி முடித்ததும் எழுந்து போக நம்மை விடுகிறதா? இனி நான் ஆடியவற்றை இந்த அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்து பார்க்கலாம்.

அப்பாவின் போனில் இருந்த பாம்பு

நான் ஆடிய முதல் வீடியோ விளையாட்டு, அப்பாவின் பட்டன் போனில் இருந்த பாம்பு. 1997ஆம் ஆண்டு நோக்கியா 6110 என்ற கைப்பேசிக்காக, பின்லாந்து நாட்டுப் பொறியாளர் தனேலி அர்மான்ட்டோ அதை எழுதினார். பிறகு கோடிக்கணக்கான போன்களில் அது குடியேறியது.

அதன் விதியைச் சொல்ல ஒரு மூச்சு போதும். இரையைத் தின்றால் பாம்பு நீளும். சுவரிலோ தன் உடலிலோ மோதினால் ஆட்டம் முடியும். இதில் பகைவன் என்று வெளியே யாரும் இல்லை. நாம் தின்று வளர்த்த வாலே நமக்குப் பகையாகிறது! அப்பா வயலிலிருந்து வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் ஆடி முடித்துவிட வேண்டும். பத்து நிமிடத்தில் பாம்பு செத்துவிடும். போனும் அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விடும். ஒரு காசு செலவில்லை. மூன்று கேள்விகளுக்கும் நிறைந்த மதிப்பெண் பெறும் ஆட்டம் இது.

மாரியோ என்னும் ஆசிரியர்

அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு திருவிழாக் கடையில் வாங்கிய டி.வி. கேம் பெட்டியை மாமா அதில் இணைத்துக் கொடுத்தார். உடன் வந்த கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ளதாக அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான். அவையே வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும்! கணக்கில் ஏமாற்றப்பட்ட என் முதல் அனுபவம் அது எனலாம்.

ஆயினும் அந்தப் பத்தில் ஒன்று சூப்பர் மாரியோ பிரதர்ஸ். 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியாமோட்டோ தலைமையில் உருவானது. எனக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. அந்த ஆட்டத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. முதல் காட்சியில் மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறான், வலப்புறம் வெற்றிடம். அதனால் வலப்புறம் போக வேண்டும் என்று புரிகிறது. காளான் போன்ற ஓர் உருவம் எதிரே வருகிறது. அதைத் தொட்டால் சாவு. அடுத்த முறை குதிக்கிறோம். குதித்து அதன் தலையில் விழுந்தால் அது நசுங்குகிறது. இப்படி ஒரு சொல்லும் சொல்லாமல் விதி முழுவதையும் கற்றுக் கொடுத்துவிடுகிறது. தவறு செய்தால் அடி விழுமோ என்று அஞ்சி நான் பள்ளியில் வாய் திறவாத காலம் அது. தவறு செய், தெரிந்துகொள், மறுபடி வா என்று சொன்ன முதல் ஆசிரியர் எனக்கு மாரியோதான் என்றால் அது மிகையன்று.

கணிதம் ஒளிந்திருக்கும் ஆட்டங்கள்

கல்லூரியில் சேர்ந்த பின் நண்பனின் மடிக்கணினியில் சில பழைய ஆட்டங்களை ஆடினேன். கணித மாணவனுக்கு அவை விருந்து.

1978இல் ஜப்பானியர் தொமோஹிரோ நிஷிகடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 விண்ணுலகப் பூச்சிகள் அணிவகுத்து இறங்கும். சுடச் சுட, மீதமுள்ளவை வேகமாக நகரும். இந்த வேகம் முதலில் திட்டமிட்டதன்று. அக்காலத்துச் சில்லுக்கு 55 உருவங்களையும் வரைய நேரம் பிடித்தது. உருவங்கள் குறையவே வேலை குறைந்து வேகம் கூடியது. அதைக் குறையென்று திருத்தாமல், அதுவே சுவையென்று அவர் விட்டுவிட்டார்.

1980இல் தோரு இவாட்டானி வடிவமைத்த பேக்-மேனில் நான்கு பேய்கள் துரத்தும். அவை மனம் போன போக்கில் ஓடுவதாகத் தோன்றும், உண்மை அதுவன்று. சிவப்புப் பேய் நம்மை நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் தொலைவிலிருந்தால் நெருங்கும். எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் பின்வாங்கும். இந்த விதிகளைக் கவனித்துக் கண்டுபிடிப்பவன் வெல்வான். 256ஆவது நிலையில் அந்த ஆட்டமே உடைந்து, திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடும். நிலையை எண்ண ஒதுக்கிய 8 பிட் இடத்தில் 255க்கு மேல் எழுத முடியாது என்பதே காரணம்.

டெட்ரிஸ் ஆட்டத்தை 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னவ் எழுதினார். நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் எத்தனை வடிவம் வரும்? கண்ணாடிப் பிம்பங்களைத் தனித்தனியே எண்ணினால் 7. அந்த ஏழும்தான் மேலிருந்து விழுகின்றன. ஏழு வடிவங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் பயன்படுத்தி, மொத்தம் 28 சதுரங்களாலான ஒரு செவ்வகத்தை நிரப்ப முடியுமா? முடியாது! சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளை பூசிப் பாருங்கள். ஆறு வடிவங்கள் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மறைக்கும். 'டி' வடிவம் மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மற்றதில் ஒன்றையும் மறைக்கும். செவ்வகத்திலோ இரு நிறமும் 14, 14. எனவே ஒருபோதும் பொருந்தாது. இந்த நிரூபணத்தை உணர்ந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. கணிதத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக நான் முதன்முதலில் மகிழ்ந்தது அன்றுதான்.

2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், நிண்டெண்டோ டெட்ரிஸில் 157ஆம் நிலை வரை ஏறி, இயந்திரத்தையே உறைந்து நிற்கச் செய்தான். விதி வெளிப்படையாக இருந்தால் ஒரு சிறுவனும் இயந்திரத்தை வெல்லலாம்.

சதுரங்கமும் வெண்பாவும்

திரையில் ஆடும் சதுரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நமக்கு அண்மையிலுள்ள மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று, 18 வயதான சென்னை இளைஞர் குகேஷ், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகப் பட்டம் சூடினார். பிரான்சு நாட்டவர் ஒருவர் 2010இல் தொடங்கிய லிசெஸ் என்ற தளத்தில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் ஒருவரோடு சமமாக ஆடலாம். ஐந்து விரலையும் விரித்த ஆட்டம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

வெண்பா என்ற ஆட்டத்தை நம்மில் பலர் அறியார். கனடாவின் தொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. அதில் துப்பாக்கி இல்லை; ஓட்டப் பந்தயம் இல்லை. 1980களின் இறுதியில் கணவனோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற தமிழ்ப் பெண், தன் தாயின் சிதைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்துச் சமைத்துக் கொடுக்க வேண்டும். மகன் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். தாய் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பிரிவில் இதற்குக் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிந்துவிடும். முடிந்ததும் நான் செய்தது, விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதுதான். எழுந்து போக விடுவதோடு நில்லாமல், போக வேண்டிய இடத்துக்கே அனுப்பிவைத்த ஆட்டம் இது!

நூறு பேர் இறங்கும் தீவு

இனி, பாதி மதிப்பெண் பெறும் ஆட்டத்துக்கு வருவோம். 2020இல் கொரோனாவால் பள்ளி மூடியபோது நான் பத்தாம் வகுப்பு. இணையவழிப் பாடத்துக்குப் போன் வேண்டும் என்றார்கள். அம்மா தன் கம்மலைக் கழற்றி அடகு வைத்து எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டார். அந்தப் போனில்தான் நான் பப்ஜி ஆடினேன்.

அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் வடிவமைத்த ஆட்டம் இது. 2017இல் கணினிக்கும் 2018இல் கைப்பேசிக்கும் வந்தது. நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடிருப்பவர் வெற்றி பெறுவார். 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் இதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனியாக வந்து, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது.

இதன் சிறப்பு என்னவென்றால், நூறு பேரும் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். நிலக்கிழார் மகனும் கூலிக்காரன் மகனும் அந்த மண்ணில் சமம். எங்கள் தெருவில் என்னோடு பேசாதவர்களும் அங்கே, "மச்சான், மருந்து இருக்கா?" என்று கேட்டார்கள். ஊரடங்கின் தனிமையில் நால்வர் குரலைக் கேட்பதே ஆறுதலாக இருந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் மூன்றாம் கேள்வியில் அது தவறுகிறது. ஓர் ஆட்டம் அரை மணி நேரம். செத்த மறுநொடியே, "மீண்டும் ஆடு" என்று பொத்தான் ஒளிரும். நாளுக்கு ஒரு பணி, வாரத்துக்கு ஒரு பரிசு என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள்; ஒரு நாள் போகாவிட்டால் நட்டம் என்று தோன்றும். பாடம் நடத்தும் ஆசிரியர் ஒரு மூலையில் பேசிக்கொண்டிருக்க, நான் தீவில் இருந்தேன். உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், 'விளையாட்டுக் கோளாறு' என்பதையும் சேர்த்திருக்கிறது. ஆடுகிறவர் எல்லாரும் நோயாளிகள் என்பது அதன் பொருளன்று. அடக்க முடியாமல், மற்ற வேலைகளை விட்டு, கேடு வருவது தெரிந்தும் நீண்ட நாள் ஆடுவதே நோய். நான் அதன் வாசற்படி வரை போனவன்.

சுழலும் சக்கரம்

இப்போது கம்மல் கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்குப் பணமில்லாததால் ஓராண்டு ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனேன். முதல் வேலையாகக் கம்மலை மீட்பதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இரவுப் பணி முடிந்து அறையில் படுத்தபடி ஒரு விளையாட்டை ஆடுவேன். அதன் பெயர் வேண்டாம். மேலே சொன்ன எதுவும் அன்று. அதில் ஓர் அதிர்ஷ்டச் சக்கரம் இருந்தது. சுழற்றினால் எட்டுப் பரிசுகளில் ஒன்று விழும். ஒன்று மட்டும் நெருப்பு எரியும் சட்டை. ஆட்டத்தில் நம் பொம்மைக்குப் போட்டு அழகு பார்க்கலாம். ஒரு சுழற்சிக்கு 20 ரூபாய்.

இருபது ரூபாய் ஒரு டீயும் பஜ்ஜியும் விலை என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் 320 முறை சுழற்றியிருக்கிறேன் என்பது வங்கிக் குறுஞ்செய்திகளை எண்ணிய பிறகே தெரிந்தது. 6,400 ரூபாய்! சட்டை கடைசியில் விழத்தான் விழுந்தது. இரண்டு வாரத்தில் சக்கரத்தில் வேறொரு சட்டை வந்துவிட்டது.

விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் காதில் வேப்பங்குச்சி அப்படியே இருந்தது. மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. நெடுநேரம் கழித்து, "ஏண்டா, அந்தச் சட்டைய நீ போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. போன்ல இருக்கற பொம்மைதான் போட்டுக்கும்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாமாண்டு நிகழ்தகவு வகுப்பில்தான் எனக்கு விடை கிடைத்தது. ஆயாவின் தாயக்கட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் 16 வகையில் விழும். ஒன்றும் வெறுமையுமாக விழுவது 2 வகை. ஆகவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அந்தச் சக்கரத்திலும் எட்டுப் பகுதிகள் சம அளவில் வரைந்திருந்தன. இதுவும் எட்டில் ஒன்றே என்று கண் நம்பியது.

உண்மையில் எட்டில் ஒன்றானால், 40 முறை சுழற்றியும் ஒருமுறைகூட விழாமல் போகும் வாய்ப்பு என்ன? எட்டில் ஏழை 40 முறை தன்னோடு பெருக்க வேண்டும். விடை 0.0048. ஏறத்தாழ 209 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நேரும். எனக்கோ 40 அல்ல, 300 தாண்டியும் விழவில்லை. வரைந்த படம் வேறு, உள்ளே ஓடும் விதி வேறு என்பதை நாற்பதாவது சுழற்சியிலேயே நான் உணர்ந்திருக்க வேண்டும். குடம் அலங்காரமாக இருந்தது. ஆனால் யாரும் அதைத் தூக்கிக் காட்டவில்லை.

வாய்ப்பைச் சொல்லிவிட்டால் மட்டும் தப்பிவிடுவோமா? நூற்றுக்கு ஒன்று என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு முறை சுழற்றினால் கிடைத்துவிடும் என்று மனம் கூறும். கணக்கு அப்படிக் கூறவில்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை சுழற்றினால் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இருநூறு முறை சுழற்றினாலும் 13 பேர். முந்நூறு முறையாயினும் 5 பேர். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. 99 முறை தோற்றவன் என்று அது இரக்கப்படாது. "இத்தனை போட்டாயிற்று, இனி விழும்" என்ற எண்ணமே இந்தப் பொறியின் உண்மையான முள்.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே உயிர்களை அதிகம் கட்டிப்போடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டினார். அந்தப் புறாவாக நான் மூன்று மாதம் இருந்தேன்.

சட்டமும் கணக்கும்

பிற நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. இத்தகைய பரிசுப் பெட்டிகளின் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற விதியைச் சீனா 2017 மே மாதம் நடைமுறைப்படுத்தியது. காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது.

நம் மாநிலத்தில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் அழிந்ததைச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அதற்கெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய சட்டம், திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி, போக்கர் தொடர்பான தடையை நீக்கிவிட்டு, மற்றதை ஏற்றது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று 2025இல் வந்த ஒழுங்குமுறையையும் அந்த நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சட்டம் வாசலில்தான் காவல் நிற்கும். போர்வைக்குள் ஒளிரும் போனில் நாமேதான் காவல். வள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் காலத்தில் ஆடுகிறவன் கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்று கழகமே நம் பாயருகில் வந்து படுத்துக்கொள்கிறது.

முடிவுரை

நண்பர்களே! வீடியோ விளையாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாம்பும் மாரியோவும் டெட்ரிசும் வெண்பாவும் எனக்குத் தந்தவை ஏராளம். எந்த ஆட்டத்தையும் தொடங்குமுன் கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். விதி தெரிகிறதா, எல்லார்க்கும் ஒன்றா, எழுந்து போக விடுகிறதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை "இல்லை" என்றால், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் படிக்கும் படிப்பு தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதன்று.

முதலாமாண்டுக் கோடை விடுமுறையில் மறுபடியும் வேலைக்குப் போய், வட்டியோடு கட்டிக் கம்மலை மீட்டுவிட்டேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டபோது ஒரு காதின் துளை தூர்ந்திருந்தது. எண்ணெய் தொட்டு மெல்லச் செருகவேண்டியதாயிற்று.

ஆயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆயினும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தாயக்கட்டையை எடுத்துவரச் சொல்கிறார். விழுந்த எண்ணை நான்தான் சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகும் விரலால் கட்டையைத் தடவி, புள்ளிகளை எண்ணிப் பார்த்த பின்னரே காயை நகர்த்துகிறார்.